நினைவு உந்தமா, நினைவு முந்துகையா?

வணக்கம். உளவியலில் ‘ரெப்ரசென்டேஷனல் மொமென்டம்’ என்று ஒரு சொல் உண்டு: நகரும் பொருள் மறைந்ததும், அது கடைசியாக இருந்த நிலையைவிடச் சற்று முன்னே இருந்ததாக நினைவில் பதிவது. அதற்குத் தமிழ்ச் சொல் எது என்று நீங்கள் எழுதியதற்கு இது என் பதில்; உங்கள் வரிகளை மேற்கோளாகத் தந்திருக்கிறேன்.

> ரெப்ரசென்டேஷனல் மொமென்டம் = நினைவு உந்தம். பாடநூல் சொல்லோடும் ஒத்துப்போகிறது.

இயற்பியல் பாடநூலில் ‘மொமென்டம்’ என்பதற்கு ‘உந்தம்’ என்றே இருக்கிறது. அதோடு ஒத்துப்போவதுதான் எனக்குச் சிக்கலாகப் படுகிறது, ஐயா.

1984-இல் உளவியலாளர்கள் ஃப்ரெய்டும் ஃபிங்கேயும் செய்த சோதனையிலிருந்து வந்த பெயர் இது. திரையில் ஒரு செவ்வகம் தோன்றி மறைகிறது. சற்றுத் திரும்பிய நிலையில் மறுபடி தோன்றுகிறது. மூன்றாம் முறை இன்னும் கொஞ்சம் திரும்பி. பார்க்கிறவருக்கு அது சுழல்வது போல இருக்கும். அப்புறம் நான்காவதாக ஒன்றைக் காட்டி, மூன்றாவது இருந்த அதே நிலைதானா என்று கேட்டார்கள். சுழலும் திசையில் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பிக் காட்டியதை ‘அதேதான்’ என்று ஏற்றுக்கொண்டவர்கள் அதிகம். எதிர்த் திசையில் திருப்பிக் காட்டியபோது அவ்வளவாக ஏமாறவில்லை. சுழலும் வேகம் கூடினால் இந்தப் பிசகும் கூடுகிறது என்று மறு ஆண்டே காட்டினார்கள். இதுவரைக்கும் உந்தம் பொருந்தும், மறுக்கவில்லை.

1996-இல் ரீடும் வின்சனும் என்ற ஆய்வாளர்கள் செய்த சோதனையில்தான் இடிக்கிறது. திரையில் நகரும், நுனி கூம்பிய ஓர் உருவம். அதைச் சிலரிடம் ராக்கெட் என்றார்கள், சிலரிடம் தேவாலயக் கோபுரம் என்றார்கள். ராக்கெட் என்று கேட்டவர்களின் நினைவில் அது கூடுதலாக முன்னே போயிருந்தது. படமும் அதேதான், வேகமும் அதேதான். மாறியது பெயர் மட்டும். உந்தம் என்றதும் நம் மாணவர்கள் நிறையைத் திசைவேகத்தால் பெருக்கத் தொடங்குவார்கள். ராக்கெட் பறக்கும், கோபுரம் நிற்கும் என்கிற அறிவை அந்த வாய்பாட்டில் எங்கே வைப்பது? இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான். அதற்கே இடமில்லாத ஒரு சொல்லை ஏற்க மனம் வரவில்லை.

> ‘முன்கணிப்பு’ போதாதா?

போதாது. கணிப்பு என்றால் தெரிந்தே செய்வது. இங்கே அந்த மனிதர் எதையும் கணிக்கவில்லை, கண்டதைக் கண்டபடி சொல்வதாகவே நம்புகிறார்.

‘நினைவு முந்துகை’ என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. கண்டதைவிட நினைவு முந்திப்போகிறது, அவ்வளவுதான் செய்தி. ஏன் முந்துகிறது என்பதைச் சொல் முடிவுகட்டவில்லை. வேகமோ பொருளைப் பற்றிய அறிவோ, இரண்டுக்கும் இடம் இருக்கிறது. முந்துகை கூடியது, குறைந்தது, முந்துகையின் அளவு என்று வாக்கியத்திலும் தடையின்றி வரும்.

மூல ஆசிரியர்கள் இயற்பியலோடு ஒப்பிட்டுத்தான் பெயர் வைத்தார்கள் என்பதை விளக்கக் குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிடலாம். மறுப்பு இருந்தால் மேலே சொன்ன ராக்கெட் சோதனையை உங்கள் சொல்லை வைத்து எழுதிக் காட்டுங்கள், ஒப்பிட்டுப் பார்ப்போம்.

அன்புடன்