டிஸ்க் பிரச்சனை, மெடிக்கல் லீவுல இருக்கும்போது பேரை எடுத்துட்டாங்க – உதவி தேவை (2023 ஜூன் பதிவு; சட்டமும் நடைமுறையும் அப்போ இருந்தபடி)

ஷிப்ட்_பி | 12 ஜூன் 2023, இரவு 10:41
அவசரம். அண்ணனுக்கு முதுகுல டிஸ்க் பிரச்சனை, ரெண்டு மாசமா வேலைக்குப் போகல. கம்பெனியில இருந்து பேர் நீக்கம்னு லெட்டர் வந்திருக்கு. உடம்பு முடியாதவங்களை வேலையை விட்டு எடுக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தறிமேடை | இரவு 10:58
எத்தனை வருச சர்வீஸ்? ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறாங்களா? லெட்டர்ல என்ன காரணம் போட்டிருக்கு, என்ன தேதி?

நீலாம்பூர்காரன் | இரவு 11:10
எடுக்கவே முடியாது. மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2016, பிரிவு 20(4). வேலையில இருக்கும்போது ஊனம் வந்தா வேற வேலை கொடுத்தே ஆகணும். அதைப் போட்டு ஒரு வக்கீல் நோட்டீஸ் விடுங்க, அடங்கிடுவாங்க.

பஞ்சப்படி | இரவு 11:32
அந்த உட்பிரிவு அரசு நிறுவனங்களுக்கு மட்டும். வாட்ஸ்அப்ல வந்த பாதியை இங்க ஒட்டாதீங்க. தேதி சொல்லாம சட்டம் கேட்கிறது ஜாதகம் இல்லாம பொருத்தம் பார்க்கச் சொல்ற மாதிரி. இதே கேள்விக்கு எத்தனை தடவைதான் பதில் எழுதுறது?

ஷிப்ட்_பி | 13 ஜூன், காலை 6:15
சாரிங்க. கோவை பக்கம் ஃபவுண்டரி, 7 வருசம். சம்பளம் 17,400, ஈஎஸ்ஐ உண்டு. ஏப்ரல் 17 கடைசியா போனது. முதல்ல பிரைவேட் ஆர்த்தோ டாக்டர். ஏப்ரல் 28ல இருந்து ஈஎஸ்ஐ டிஸ்பென்சரியில வாராவாரம் சர்டிபிகேட் வாங்கறோம், விடாம. லெட்டர்ல மே 9 தேதி. "முன்னனுமதியின்றி 8 நாட்களுக்கு மேல் வராததால் நிலையாணைப்படி பெயர் நீக்கப்பட்டது"ன்னு இருக்கு. (நிலையாணைன்னா கம்பெனியோட பணி விதியாம்.)

மதி_திருப்பூர் | காலை 8:02
இப்பத்தான் விஷயம் தெளிவாகுது. ஈஎஸ்ஐ சட்டம் 1948, பிரிவு 73. நோய்க்கால உதவித்தொகை வாங்கற காலத்துலயோ சிகிச்சையில இருக்கிற காலத்துலயோ டிஸ்மிஸ், டிஸ்சார்ஜ், பதவி இறக்கம் எதுவும் கூடாது. அந்தக் காலத்துல கொடுத்த நீக்க நோட்டீஸ் செல்லாதுன்னு 73(2) நேரடியா சொல்லுது. மே 9 உங்க சான்று ஓடிக்கிட்டிருந்த நாள். லெட்டர் வந்த கவரைத் தூக்கிப் போட்டுடாதீங்க, தபால் சீல்ல இருக்கிற தேதியும் சாட்சிதான்.

அதுக்காக உடம்பு முடியலைன்னா எடுக்கவே முடியாதுன்னு நினைச்சுடாதீங்க. ஈஎஸ்ஐ ஒழுங்குமுறை 98 இருக்கு. தொடர்ச்சியா 6 மாசம் சிகிச்சையில இருந்தா, காசநோய் மாதிரி நோய்னா 18 மாசம், அதுக்கப்புறம் பணி நிபந்தனைகள்ல இடம் இருந்தா முறைப்படி நோட்டீஸ் கொடுத்து எடுக்கலாம். தொழில் தகராறு சட்டம் 2(oo)(c)ல "தொடர்ந்த உடல்நலக் குறைவு" ஆட்குறைப்புக் கணக்குல வராது, அதனால ஆட்குறைப்பு இழப்பீடும் கிடையாது. நிர்வாகத்துக்கு ஒழுங்கான வழி இருந்துச்சு. மூணு வாரத்துல பேரை வெட்டினது அந்த வழி இல்ல.

பஞ்சப்படி | காலை 9:20
73-ஐ மட்டும் நம்பி இறங்காதீங்க. 1964 தீர்ப்புத் தொகுப்புல வந்த சுப்ரீம் கோர்ட் கேஸ், நம்ம பெரம்பூர் பி அண்ட் சி மில்லோடது. நிலையாணைப்படி தானா போற பேர் நீக்கத்துக்கு 73 தடை இல்லைன்னு தீர்ப்பு. கம்பெனி வக்கீல் முதல்ல எடுக்கப்போறது அதைத்தான். ஏப்ரல் 18 முதல் 27 வரை ஈஎஸ்ஐ சான்று இல்ல, 10 நாள். அந்த ஓட்டையைப் பார்த்துத்தான் லெட்டர் எழுதியிருக்காங்க.

மதி_திருப்பூர் | காலை 9:41
ஓட்டை சரி, ஒத்துக்கறேன். ஆனா 1964ஓட நின்னுட்டீங்களே. 1993ல சுப்ரீம் கோர்ட்டோட டி.கே. யாதவ் தீர்ப்பு என்ன சொல்லுது? இதே 8 நாள் நிலையாணைதான். விசாரணை வைக்காம, விளக்கம் கேட்காம தானாப் போச்சுன்னு சொல்றது இயற்கை நீதிக்கு விரோதம்னு சொல்லி, பாதிச் சம்பள பாக்கியோட வேலையில சேர்க்கச் சொன்னாங்க.

பஞ்சப்படி | காலை 9:55
யாதவ் கேஸ்ல ஈஎஸ்ஐ பேச்சே கிடையாது.

மதி_திருப்பூர் | காலை 10:03
அதனாலதான் சொல்றேன். 73 தோத்தாலும் இது நிக்கும். மனுல ரெண்டையும் போடணும்.

பஞ்சப்படி | காலை 10:10
ரெண்டையும் போடுங்க, நான் வேண்டாம்னா சொன்னேன்? எதை முதல்ல வைக்கிறதுன்னுதான் கேள்வி.

தறிமேடை | காலை 10:30
நீங்க ரெண்டு பேரும் கோர்ட்டை இங்கயே நடத்தி முடிச்சுடுவீங்க போல. ஷிப்ட்_பி, ஒண்ணு கேட்கணும். டிஸ்க் எப்படிப் போச்சு? வீட்லயா, வேலையிலயா?

ஷிப்ட்_பி | மதியம் 1:12
மோல்டிங் பாக்ஸ் தூக்கும்போது பிடிச்சுக்கிச்சுங்க. ஃபவுண்டரிலதான். ஏன், அது முக்கியமா?

தறிமேடை | மதியம் 1:25
இதை முதல்லயே சொல்லியிருக்கணும்ங்க! அப்ப இது வெறும் நோய் இல்ல, வேலையில பட்ட காயம். நோய்க்கால உதவி சம்பளத்துல 70%, வருசத்துக்கு 91 நாள்தான், உங்களுக்கு ஜூலைக் கடைசியில தீர்ந்துடும். தற்காலிக ஊன உதவி 90%, ஊனம் இருக்கிற வரைக்கும். எத்தனை நாள் ஈஎஸ்ஐ சந்தா கட்டியிருக்குன்னும் பார்க்க மாட்டாங்க. அதுக்குக் கம்பெனி படிவம் 12ல விபத்து அறிக்கை போட்டிருக்கணும். போட்டாங்களான்னு கேளுங்க.

ஒரு எச்சரிக்கை: எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல "டிஜெனரேட்டிவ்"னு ஒரு வார்த்தை இருந்தா, பழைய தேய்மானம்னு தள்ளப் பார்ப்பாங்க. அதனால எந்த ஷிப்ட், எத்தனை மணி, பாக்ஸ் எத்தனை கிலோ, கூடப் பிடிச்சது யாருன்னு இன்னைக்கே எழுதி வைங்க. 90% மறுத்தாலும் டிஸ்க் பிதுக்கம் நீட்டித்த நோய்க்கால உதவிப் பட்டியல்ல இருக்கு, 80%. அதுக்கு ரெண்டு வருச சர்வீஸும், முந்தின நாலு சந்தாக் காலத்துல (ஒண்ணு ஆறு மாசம்) 156 நாள் சந்தாவும் வேணும். 7 வருசம்னா பெரும்பாலும் வந்துடும்.

நீலாம்பூர்காரன் | மதியம் 1:40
அப்ப தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துலயும் லட்சக்கணக்குல கேட்கலாமே?

பஞ்சப்படி | மதியம் 1:52
கேட்க முடியாது. ஈஎஸ்ஐ பிரிவு 53 அந்தக் கதவைச் சாத்திடுச்சு. சரி, செய்ய வேண்டியதைச் சொல்றேன். லெட்டருக்குப் பதில், ஒப்புகை அட்டையோட பதிவுத் தபால்ல. சான்றுகள் நகல் மட்டும், ஒரிஜினல் கையை விட்டுப் போகக்கூடாது. பிரைவேட் ஆர்த்தோ டாக்டர் கொடுத்த சீட்டுகளை ஈஎஸ்ஐ டாக்டர்கிட்ட காட்டி அந்த 10 நாளைப் பதிய வைக்கப் பாருங்க. ராஜினாமா, "கணக்கு முடிஞ்சது"ன்னு எந்தத் தாள்லயும் கையெழுத்து போடாதீங்க. அப்புறம் தொழிலாளர் உதவி ஆணையர் (சமரசம்) கிட்ட தொழில் தகராறு சட்டம் பிரிவு 2Aல மனு. மனு கொடுத்து 45 நாள்ல முடியலைன்னா நேரா லேபர் கோர்ட். நீக்கின தேதியில இருந்து 3 வருசம் கெடு.

மதி_திருப்பூர் | மதியம் 2:05
ஃபிட்னஸ் சான்று வாங்கற அன்னைக்கே அண்ணன் கம்பெனி கேட்டுக்குப் போகணும். வாட்ச்மேன் உள்ள விடலைன்னா, "இன்ன தேதி, இன்ன நேரம் வந்தேன், அனுமதிக்கல"ன்னு அன்னைக்கே தபால், மெயில் ரெண்டும் அனுப்பிடுங்க. சான்று முடிஞ்ச மறுநாள்ல இருந்து வராத நாளுக்குப் பாதுகாப்பு கிடையாது. நிறையப் பேர் அங்கதான் கோட்டை விடறாங்க.

ஷிப்ட்_பி | 22 ஜூன், இரவு 9:48
பதில் அனுப்பியாச்சுங்க. கவர்ல மே 13 சீல். படிவம் 12 போடவே இல்லையாம், இனிமேலும் தர மாட்டேங்கறாங்க. டிஸ்பென்சரில அது இல்லாம அந்த 90% உதவி முடியாதுங்கறாங்க.

தறிமேடை | இரவு 10:20
டிஸ்பென்சரியோட மல்லுக்கட்டாதீங்க. ஈஎஸ்ஐ கிளை மேனேஜருக்கு அண்ணன் பேர்லயே எழுதிக் கொடுங்க: ஐபி நம்பர் (ஈஎஸ்ஐ காப்பீட்டு எண்), தேதி, ஷிப்ட், கூட நின்னவங்க ரெண்டு பேர் பேரு, கம்பெனி அறிக்கை தர மறுத்த விவரம். விசாரிக்கிறது அவங்க வேலை. ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போய் ஒண்ணுல சீல் வாங்கிக்குங்க.