கதவில் ஐஸ் விழவில்லை

நான் 9:12
ஃப்ரிட்ஜ் கதவில் டம்ளரை வைத்து அழுத்தினால் ஐஸ் வரவில்லை. தண்ணீர் மட்டும் ஒழுங்காக வருகிறது. நேற்று இரவு வரை இரண்டு மூன்று துண்டாவது விழுந்தது. அம்மாவுக்கு இன்று காலைதான் பல் பிடுங்கினார்கள், கன்னத்தில் வைக்க ஐஸ் வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

அத்தை 9:13
ஃப்ரீசரைத் திறந்து பெட்டியிலிருந்து கையால் எடும்மா. துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும், நேராகத் தோலில் படக் கூடாது.

நான் 9:15
கையால் வரவில்லை அத்தை. எல்லாம் ஒன்றாக ஒட்டிப் பாறை மாதிரி இருக்கிறது. இப்போதைக்கு ஈரத் துணியை ஃப்ரீசரில் வைத்து எடுத்து ஒத்திக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் 9:16
மோட்டார் போயிருக்கும். ஆளைக் கூப்பிடு.

சித்தப்பா 9:19
பொறுங்கள். அழுத்தும்போது சத்தம் ஏதாவது கேட்கிறதா? கதவில் காதை வைத்துக் கேட்டுச் சொல்லம்மா. ஒரு தடவை போதும்.

நான் 9:21
உர்ர்ர் என்று முனகுகிறது, நான் கையை எடுத்ததும் நின்றுவிடுகிறது சித்தப்பா.

சித்தப்பா 9:24
அப்படியென்றால் மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. சத்தமே இல்லாமல் இருந்திருந்தால் கதவில் எதுவும் வராமல் பூட்டும் லாக், ஸ்விட்ச், கதவுக் கீல் வழியாகப் போகும் ஒயர் என்று தேட வேண்டியிருக்கும். லாக் விழுந்திருந்தால் பெரும்பாலான மாடல்களில் தண்ணீரும் நின்றுவிடும், உனக்குத் தண்ணீர் வருகிறது. ஆகவே மோட்டார் சுற்றப் பார்க்கிறது, முடியவில்லை. பெட்டிக்குள் நீளமாக ஒரு திருகு இருக்கும். அது சுழன்றுதான் ஐஸை வாய்ப்பக்கம் தள்ளும். அந்தப் பாறை அதைக் கட்டிப் பிடித்திருக்கிறது. இனி அழுத்தாதே, மோட்டார் சூடாகிவிடும்.

அண்ணன் 9:25
கத்தியால் மட்டும் குத்தாதே. நான் போன வருடம் அப்படிக் குத்திப் பெட்டியின் அடியே உடைந்துவிட்டது, புதிதாக வாங்கினேன்.

சித்தப்பா 9:28
கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதுவும் வேண்டாம். ஐஸ் தயாரிப்பதை நிறுத்தும் பொத்தானை அழுத்து. பிளக்கைப் பிடுங்கு. பெட்டியைக் கழற்றித் தொட்டியில் வை. உதிர்ந்து வருவதை அம்மாவுக்கு எடுத்துவிட்டு, மீதியின் மேல் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்று. கொதிக்கிற தண்ணீர் ஆகாது, குளிர்ந்த பிளாஸ்டிக் விரிசல் விடும். கடைசியில் திருகின் இடுக்கு வரை துணியால் துடைத்துக் காய வை. ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் திரும்ப உறைந்து பிடித்துக்கொள்ளும்.

நான் 9:46
பெட்டியைத் தட்டியதும் ஒரு கிண்ணம் அளவுக்கு உதிர்ந்தது. ஃப்ரீசர் அடித்தட்டில் வைத்திருக்கிறேன். அதில் கொஞ்சம் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டேன், அம்மா கண்ணை மூடிப் படுத்திருக்கிறார்.

அத்தை 9:47
நல்லது கண்ணு. பத்துப் பதினைந்து நிமிடம் வைத்துவிட்டுக் கொஞ்சம் இடைவெளி விடு.

சித்தப்பா 9:50
பெட்டி காய்வதற்குள் இன்னொன்று பார். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருந்தால் ஐஸ் உருகாது. உருகாத ஐஸ் இப்படிப் பாறையாகச் சீக்கிரம் ஆகாது. பல நாள் எடுக்காமல் விட்டிருந்தாயா?

நான் 9:51
தினமும் எடுக்கிறோம். திரையில் 18 என்றுதான் காட்டியது.

சித்தப்பா 9:53
அப்படியானால் எங்கிருந்தோ வெளிக்காற்று உள்ளே போகிறது. ஐஸ் விழும் வாயில் கீழிருந்து டார்ச் அடித்து மேலே பார். ஒரு சின்ன மூடி இருக்கும். அது முழுசாக மூடியிருக்கிறதா?

நான் 10:02
பார்த்தேன் சித்தப்பா. மூடி இருக்கிறது, ஆனால் இடது மூலை மட்டும் நகக்கனத்துக்குத் தூக்கி நிற்கிறது. அந்த இடுக்கில் கண்ணாடிச் சில்லு போல ஒரு ஐஸ் பொடி சிக்கியிருக்கிறது. அந்த மூலையைச் சுற்றி மட்டும் வெள்ளையாக முள் முள்ளாகப் பனி பிடித்திருக்கிறது, மற்ற மூன்று பக்கமும் சுத்தம். கீழே கையை நீட்டினால் சில்லென்று காற்று இறங்குகிறது.

சித்தப்பா 10:05
அதுதான் காரணம். குளிர்காற்று கீழே இறங்க இறங்க, அறைக்காற்று ஈரத்தோடு உள்ளே ஏறும். ஈரம் ஐஸ் மேல் படிந்து உறைந்து துண்டுகளை ஒட்டவைக்கும். பாறையை மட்டும் கரைத்துவிட்டு இதை விட்டிருந்தால் கொஞ்ச நாளில் திரும்ப இதே கதைதான். நீங்கள் நொறுக்கிய ஐஸ்தானே அதிகம் எடுப்பீர்கள்?

நான் 10:06
ஆமாம், தினமும் ஜூஸுக்கு.

சித்தப்பா 10:09
அதில் தூள் அதிகம் வரும், அது மூடி விளிம்பில் தங்கும். இனி நொறுக்கியது எடுத்தால் கடைசியில் இரண்டு முழுத் துண்டும் எடுத்துவிடு, தூளைத் தள்ளிக்கொண்டு வரும். டம்ளரை உடனே இழுக்காதே. கையை எடுத்த சில நொடியில் மூடி டக்கென்று சாத்தும், அந்தச் சத்தத்தைக் கேள். இப்போது வெதுவெதுப்பான துணியால் பனியைத் துடைத்து எடு. மூடியின் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பார்.

நான் 10:31
ரப்பர் முழுசாக இருக்கிறது. எல்லாம் துடைத்துவிட்டேன். பெட்டியைக் காயவைத்து, கிண்ணத்து ஐஸைப் போட்டு மாட்டி, பிளக்கும் போட்டாயிற்று. இப்போது அழுத்தினால் முனகல்கூட இல்லை. ஏதாவது கெடுத்துவிட்டேனா?

சித்தப்பா 10:32
பயப்படாதே. ஃப்ரீசர் கதவு முழுசாகச் சாத்தியிருக்கிறதா?

நான் 10:33
பெட்டி ஒரு விரல் அளவு முன்னால் நிற்கிறது, கதவு அதில் இடிக்கிறது.

சித்தப்பா 10:35
கதவு திறந்திருந்தால் மோட்டார் ஓடாது, கையைக் காப்பாற்ற அப்படி வைத்திருக்கிறார்கள். பெட்டிக்குப் பின்னால் மோட்டார் முனையில் ஒரு கவை இருக்கும். திருகின் முனை அதற்குள் உட்கார வேண்டும். பெட்டியை எடுத்துவிட்டுக் கவையைக் கையால் கால் சுற்று திருப்பி மறுபடி தள்ளு.

நான் 10:41
உட்கார்ந்துவிட்டது! அழுத்தியதும் கடகடவென்று ஐந்தாறு துண்டு விழுந்தது. டக் சத்தமும் கேட்டது!

அண்ணன் 10:42
அருமை. நான் சொன்னதைக் கேட்டிருந்தால் வீணாக ஆளைக் கூப்பிட்டிருப்பாய்.

சித்தப்பா 10:44
ஐஸ் தயாரிக்கும் பொத்தானைத் திரும்பப் போட மறக்காதே. பெட்டி நிறைய ஒரு நாள் ஆகும். நாளைக் காலை டார்ச் அடித்து அந்த மூலையைப் போட்டோ எடுத்து அனுப்பு. பனி திரும்பப் பிடித்திருந்தால் ரப்பரை மாற்றிவிடலாம்.

நான் 10:46
பொத்தான் போட்டுவிட்டேன். புதிதாக விழுந்ததைத்தான் இப்போது துணியில் சுற்றிக் கொடுத்தேன். அம்மாவால் பேச முடியவில்லை, கையைக் காட்டி உங்களுக்குச் சொல்லச் சொன்னார் சித்தப்பா.