கறுப்பு வெள்ளையில் காங்கேயம் மாடு தீட்டலாமா?

கோவைத்தூரிகை:
மூன்று அங்குல உயரத்தில் ஒரு ஜோடி காங்கேயம் எருதுகள், கவலை ஏற்றம் பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் உழவர், பக்கத்தில் ஒரு கன்று. பொம்மைகளின் களிமண் வேலை முடிந்துவிட்டது. எல்லாவற்றையும் பழைய புகைப்படம் போலச் சாம்பல் படிகளில் மட்டுமே தீட்டப் போகிறேன். மயிலை எனும் சாம்பல் நிற மாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது.

தாராபுரம்செம்மண்:
மயிலை என்பதாலேயே கூடாது என்கிறேன். மாடு நிஜத்திலும் சாம்பல்தான். அதனால் மாடு மட்டும் முழுதாகத் தீட்டியதாகவும், பக்கத்தில் ஆள் பூச்சு முடியாமல் நிற்பதாகவும் தோன்றும். செம்மண் சிவக்காமல் நம் ஊர்க் கிணற்றடி எங்கே இருக்கிறது?

கோவைத்தூரிகை:
வேட்டியை மாட்டைவிட வெளுப்பாகவும், உழவரின் முதுகை மாட்டைவிடக் கருமையாகவும் வைத்தால் அந்தக் குறை வராது. கறுப்பும் டைட்டேனியம் வெள்ளையும் மட்டும் கலந்தால் சாம்பலில் நீலம் பாயும். துளி அம்பர் பழுப்பு சேர்த்தால் உடம்புக்குச் சூடு வரும். மேலே மேட் வார்னிஷ். பளபளத்தால் எல்லாம் கெட்டது.

ஈரோடுபழையபடம்:
கன்றை என்ன செய்வீர்கள், அண்ணா? காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலை. ஆறு மாத வாக்கில்தான் சாம்பலுக்கு மாறும். பழைய காலத்து ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு ஒளி உறைக்காது. அதில் செவலைக் கன்றும் செம்மண்ணும் இருண்டு விழும். பின்னால் வந்த, எல்லா நிற ஒளியும் உறைக்கும் பான்குரோமேட்டிக் என்றால் இரண்டும் நடுச்சாம்பல். எந்தக் காலத்துப் படம் என்று முடிவு செய்யாமல் தூரிகையைத் தொடாதீர்கள்.

கோவைத்தூரிகை:
அருமை! ஆர்த்தோதான். தாராபுரத்தாரே, உங்கள் செம்மண் கரும்படியாக வந்துவிடுகிறது.

தாராபுரம்செம்மண்:
அதைச் செம்மண் என்று யார் கண்டுகொள்வார்கள்? இன்னொன்றும் கேட்கிறேன். புகைப்படத்தில் வெளிச்சம் உறைந்து நிற்கிறது. பொம்மையைக் கையில் எடுத்துத் திருப்பினால், நீங்கள் தீட்டிய நிழல் ஒரு பக்கமும் ஜன்னல் வெளிச்சம் போடும் நிழல் மறுபக்கமும் விழுந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். வண்ணத்தில் அந்த முரண் ஓரளவு மறையும். சாம்பலில் மறைக்க எதுவுமே இல்லை.

கோவைத்தூரிகை:
அதற்காகத்தான் உச்சி வெயிலைத் தேர்ந்தேன். திமில் மேல் வெளுப்பு, வயிற்றடியில் கருமை. கண்ணாடிப் பெட்டிக்குள் நேர்மேலே ஒரு விளக்கு. கையில் எடுக்க யாரையும் விடமாட்டேன்.

தாராபுரம்செம்மண்:
பெட்டியும் விளக்கும் இல்லாமல் நிற்காத பொம்மையை நான் ஏற்க மாட்டேன். கன்றையாவது செவலையாக விடுங்கள்.

கோவைத்தூரிகை:
விடமாட்டேன்.