ஊர் மட்டத்தில் காயப் பதிவு: ஆஸ்பத்திரிக் கணக்கு போதுமா?

கொட்டியாரக்கரை:
இலங்கையில் திருகோணமலை மாவட்டம், மூதூர்ப் பக்கம் ஒரு கிராம சேவகர் பிரிவு, ஏறக்குறைய 400 குடும்பம். விபத்துக் காயங்களை ஒரு வருசம் பதிந்து, எதைத் தடுக்கலாம் என்று பார்க்கப்போகிறோம். ஆஸ்பத்திரியில் எண்ணிக்கை எடுத்தால் காணுமா? படிவத்தில் என்னென்ன கேட்கவேணும்?

நீரோடை:
காணாது. தண்ணீரில் மூழ்கி அந்த இடத்திலேயே இறந்தவர் வார்ட்டுப் பதிவில் இருக்கமாட்டார், திடீர் மரண விசாரணை அதிகாரியின் பதிவில்தான் இருப்பார். வார்ட்டை மட்டும் பார்த்தால் மோட்டார் சைக்கிள்தான் பிரச்சினை, கிணறு பிரச்சினையே இல்லை என்று தோன்றும். முறிவுக்கு நாட்டு வைத்தியரிடம் போகிறவர்களும் விடுபடுவார்கள். அதனால் மாதம் ஒருமுறை வீடு வீடாகக் கேளுங்கள். மூன்று மாதம் தாண்டினால் சின்னக் காயங்களை ஆட்கள் மறந்துவிடுவார்கள்.

வயது, ஆணா பெண்ணா, திகதி, நேரம், இடம், என்ன செய்துகொண்டிருந்தார், எப்படி நடந்தது, உடம்பில் எங்கே, எத்தனை நாள் வேலைக்கோ பள்ளிக்கோ போகவில்லை: ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். "விழுந்தார்" என்று மட்டும் எழுதினால் அந்தப் பதிவால் ஒரு பிரயோசனமும் இல்லை. "தளநார் (மரமேறக் காலில் மாட்டும் நார் வளையம்) அறுந்து தென்னையிலிருந்து விழுந்தார்", "பாசி பிடித்த கிணற்றடியில் வழுக்கினார்" என்று எழுதுங்கள். இரண்டுக்கும் தடுப்பு வேறு. தானே செய்துகொண்டது என்று தெரிந்தால் தயவுசெய்து துருவவேண்டாம், குடும்பநல உத்தியோகத்தரிடம் விடுங்கள்.

வெள்ளைமணல்:
மூதூரிலிருந்து திருகோணமலைக்கு மாற்றினால் ஒரே ஆள் இரண்டு பதிவேட்டிலும் வருவார். பெயரை நம்பாதீர்கள், ஒரே பெயரை நாலு விதமாக எழுதுவார்கள். பிறந்த வருசம், காயப்பட்ட திகதி, கிராம சேவகர் பிரிவு மூன்றையும் சேர்த்து ஒப்பிடுங்கள்.

கொட்டியாரக்கரை:
நன்றி. கிணற்றுக்குக் கட்டு (சுற்றுச்சுவர்) இருந்தால் பிள்ளைகளுக்குப் பயமில்லைதானே?

நீரோடை:
கட்டோரம் உடுப்புத் துவைக்கிற கல்லோ கவிழ்த்த வாளியோ கிடந்தால் மூன்று வயதுப் பிள்ளை ஏறிவிடும். அதை முதலில் அப்புறப்படுத்துங்கள், செலவில்லாத வேலை. பிறகு மூடி. இரும்புச் சட்டத்தில் வலை அடித்து, இரண்டு துண்டாகப் பிணைச்சல் போடுங்கள். ஒரே துண்டென்றால் பாரம். தண்ணீர் அள்ளியபின் திரும்ப மூடமாட்டார்கள். கடற்காற்றுக்குச் சாதாரண வலை கெதியில் துருப்பிடிக்கும், கல்வனைஸ் வலையே வாங்குங்கள். கட்டே இல்லாத தோட்டக் கிணறுகளுக்குத்தான் முதலிடம்.

வெள்ளைமணல்:
இன்னொன்று. 400 குடும்பத்தில் ஒரு வருசம் இரண்டு பேர் மூழ்கி, அடுத்த வருசம் ஒருவர் என்றால் பாதியாகக் குறைந்தது என்று அறிக்கை எழுதிவிடாதீர்கள், எண்ணிக்கை அதற்குப் போதாது. எத்தனை கிணற்றுக்கு மூடி போட்டீர்கள், ஆறு மாதம் கழித்துச் சொல்லாமல் போய்ப் பார்த்தபோது எத்தனை மூடியிருந்தது என்பதை எண்ணுங்கள்.