குழந்தைகள் கேத் லேபில் கண்ணுக்குப் படும் கதிர்: மும்பை நண்பர்களின் அனுபவங்கள்

செம்பூர், கேத் லேப் டெக்னீஷியன்:
கேத் லேப் என்பது ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு, எக்ஸ்ரே படம் பார்த்தபடி இதயத்துக்குச் சிகிச்சை செய்யும் அறை. குழந்தையின் உடம்பில் பட்டுச் சிதறும் கதிர் அங்கே வேலை செய்கிறவர்களின் கண் லென்ஸில் புரை உண்டாக்கலாம். குழந்தை சின்னது, கதிரும் கம்மிதானே என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். ஒரு ஃப்ரேமுக்கு (ஒரு படத்துக்கு) கம்மிதான். ஆனால் 3 கிலோ குழந்தைக்கு பி.டி.ஏ. (பிறந்த பிறகும் மூடாமல் இருக்கும், இதயத்தருகே உள்ள ரத்தக் குழாய்) அடைக்கும்போது, குழாய் நுழைக்கும் தொடைக்கும் இதயத்துக்கும் நடுவே ஒரு சாண்தான். பெரியவர்களுக்குச் செய்யும்போது பீமிலிருந்து (கதிர்க் கற்றையிலிருந்து) கிடைக்கும் தூரம் இங்கே டாக்டருக்குக் கிடைக்காது.

இதில் பைப்ளேன் (இரண்டு கோணத்தில் ஒரே நேரத்தில் படம் எடுக்கும் மெஷின்) வேறு. லேட்டரல் (பக்கவாட்டு) படத்துக்கு டிடெக்டர் (படம் பிடிக்கும் தட்டு) குழந்தையின் இடப்பக்கம் நின்றால் ட்யூப் (கதிர் வெளிவரும் பகுதி) வலப்பக்கம், அதாவது டாக்டர் நிற்கிற பக்கம். கதிர் உடம்புக்குள் நுழையும் பக்கத்தில்தான் சிதறல் அதிகம். அது நேரே முகத்துக்கு வரும். மேசைக்கு அடியில் தொங்கும் லெட் (ஈயத்) திரை காலைத்தான் காக்கும். லேட்டரல் வேலை முடிந்ததும் உடனே லேட்டரல் ஆர்மை (ட்யூபும் டிடெக்டரும் இருக்கும் கையை) பார்க் செய்யச் சொல்லுங்கள், அதாவது ஒதுக்கி நிறுத்த.

சயான், குழந்தைகள் இதய மருத்துவர்:
சீலிங் ஷீல்டை (கூரையிலிருந்து தொங்கும் லெட் தடுப்பை)த்தான் முதலில் பேச வேண்டும். பலர் அதைத் தங்கள் முகத்துக்கு முன்னால் இழுத்து வைக்கிறார்கள். அப்படி வைத்தால் சிதறல் அடியிலும் பக்கத்திலும் சுற்றி வந்துவிடும். குத்திய இடத்துக்குச் சற்று மேலே, குழந்தையின் உடம்பை ஒட்டி, கீழ் விளிம்பின் லெட் மடிப்பு உடம்பைத் தொடும்படி நிற்க வேண்டும்.

நடைமுறையில் என்ன ஆகிறது? லேட்டரல் ஆர்ம், மயக்க மருந்துக் குழாய், எக்கோ போடுகிறவர் என்று இடம் நெருக்கும். பிளாஸ்டிக் உறை போட்ட ஷீல்டை முழங்கையால் ஓரம் தள்ளுவார்கள். ஆர்ம் விலகிய பிறகும் அது ஓரத்திலேயே கிடக்கும். திரும்ப இழுத்து வைப்பது யார் வேலை என்று ஆரம்பிக்கும் முன்பே ஒருவரிடம் ஒப்படையுங்கள். கிளென் (மேலுடம்பின் ரத்தக் குழாயை நுரையீரல் குழாயோடு இணைக்கும் ஆபரேஷன்) ஆன குழந்தைக்குக் கழுத்து வழியாகப் போகும்போது ஷீல்டின் இடமே மாறும். டிரேப் (உடம்பை மூடும் சுத்தத் துணி) போடும் முன் யோசித்தாக வேண்டும்.

சினியின் (பதிவு செய்யும் படத்தின்) ஒரு ஃப்ரேமில் கதிர், ஃப்ளூரோவின் (வேலையின்போது நேரடியாகப் பார்க்கும் படத்தின்) ஒரு ஃப்ரேமைப் போல சுமார் 10 மடங்கு. பம்ப் இன்ஜெக்டரில் (மெஷினே சாய மருந்தைச் செலுத்தும்படி) எடுக்கும்போது பக்கத்தில் நிற்க அவசியமில்லை. அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்கு விலகினால் கதிர் ஏறக்குறைய கால்வாசிதான். ஜூமுக்கு ஆசைப்படாமல் கோலிமேட்டரை (கதிர் படும் பரப்பைச் சுருக்கும் தடுப்பை) இறுக்குங்கள். 15, 20 கிலோவுக்குக் கீழே கிரிட்டை (டிடெக்டருக்கு முன்னால் சிதறலை வடிகட்டும் தட்டை) கழற்றலாம்.

மாட்டுங்கா, ஸ்டாஃப் நர்ஸ்:
டாக்டர் சொன்னது எங்களுக்கும் பொருந்தும். கோலாலம்பூரில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில் 56 இதய மருத்துவர்களில் 29 பேருக்கும், 11 நர்ஸ்களில் 5 பேருக்கும் லென்ஸின் பின்புறம் மாற்றம் தெரிந்தது. குழந்தையின் தலைமாட்டில் உட்காரும் அனஸ்தீஷியா டாக்டரை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை, அது எனக்குப் பெரிய வருத்தம்.

லெட் கண்ணாடி கனமானது, வியர்வையில் மூக்கில் சரியும்; கன்னத்துக்கு மேலே இடைவெளி விழும், சிதறல் அந்த வழியாக நுழையும். பின்னால் பட்டை கட்டுங்கள். பக்கத் தடுப்பு இல்லாத கண்ணாடி வாங்கவே வேண்டாம், இடது கண்ணுக்குத்தான் அதிகம் படுகிறது.

அணுசக்தி நகர், கதிர்ப் பாதுகாப்பு அலுவலர்:
கண் லென்ஸுக்கு வருடத்துக்கு 150 மில்லிசீவர்ட் என்றிருந்த வரம்பை ஐ.சி.ஆர்.பி. (சர்வதேசக் கதிர்ப் பாதுகாப்பு ஆணையம்) 2011இல் 5 வருடச் சராசரி 20 ஆகக் குறைத்தது, எந்த ஒரு வருடமும் 50 தாண்டக் கூடாது. லென்ஸ் மங்கத் தொடங்கும் அளவாக 0.5 கிரேயை (கிரே, உடம்பு உள்வாங்கும் கதிரின் அலகு) வைத்தது. ஏப்ரனுக்கு (லெட் உடுப்புக்கு) உள்ளே மார்பில் இருக்கும் டி.எல்.டி. (கதிரை அளக்கும்) பேட்ஜ் கண்ணைப் பற்றி எதுவும் சொல்லாது. ஏப்ரனுக்கு வெளியே, காலரின் இடப்பக்கம் இன்னொன்று வேண்டும்.

ராத்திரி ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் எதிர்வண்டி விளக்கில் கண் கூசினால் அது லென்ஸ் மங்குவதன் அடையாளமாக இருக்கலாம், தள்ளிப் போடாதீர்கள். சர்க்கரை, ஸ்டீராய்டு காரணமாகவும் லென்ஸின் அதே பின்புறத்தில் புரை வரும் என்பதால், கண்மணியை விரித்து ஸ்லிட் லாம்பில் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவியில்) பார்க்கச் சொல்லி, கேத் லேபில் வேலை செய்கிறீர்கள் என்பதையும் கண் டாக்டரிடம் சொல்லுங்கள்.