புதுப்பிப்பு: புகை விட்ட பிபிசி மைக்ரோ எழுந்துவிட்டது

பழைய சாமான் கடையில் வாங்கிய பிபிசி மைக்ரோ (எண்பதுகளின் கம்ப்யூட்டர்), சுவிட்ச் போட்ட பத்தாவது நிமிடம் குபுகுபுவென்று புகை விட்டது என்று போன மாதம் புலம்பியிருந்தேனே? பாதிப் பேர் "தொடாதே" என்றீர்கள், மீதிப் பேர் "கெப்பாசிட்டரைப் பார்" என்றீர்கள். இரண்டாவது கட்சிதான் ஜெயித்தது.

பவர் சப்ளையில் மின் இரைச்சலை வடிகட்டும் காகிதக் கெப்பாசிட்டர் அது. நாற்பது வருடத்தில் மேலுறை மெல்லிய விரிசல் விட்டு, ஈரம் உள்ளே போய், மின்சாரம் பட்டதும் வெடித்திருக்கிறது. நல்லவேளை, போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே மதிப்பில் எக்ஸ்2 வகை (வீட்டு மின்சாரம் நேரடியாக வரும் இடத்துக்கான பாதுகாப்பு ரகம்) பிளாஸ்டிக் ஃபிலிம் கெப்பாசிட்டர் போட்டேன். செலவு ஒரு டீ, வடை. நாற்றம் போகத்தான் மூன்று நாள் ஆனது.

நேற்று ராத்திரி மறுபடி சுவிட்ச். முதலில் கனமாக, பிறகு கீச்சென்று, அந்த இரட்டை ஒலி! திரையில் "பிபிசி கம்ப்யூட்டர் 32கே", கீழே அதன் நிரல்மொழியின் பெயர், "பேசிக்". 1984-ல் கிளாஸ் என்ற அரசின் கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்த அதே ரகம். எங்கள் பள்ளியில் செருப்பைக் கழற்றினால்தான் அந்த ஏசி அறைக்குள் விடுவார்கள். பழக்கதோஷம், நேற்றும் கழற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

அப்புறம், சிவப்பு ஃபங்ஷன் கீகளில் எஃப்7 மட்டும் அழுத்தினால் மேலே வர மறுக்கிறது. அடுத்த ஞாயிறு அதற்கு.