பொருள்: 'டப்லெட்' தமிழில் எப்படி?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

ஆங்கில மொழி வரலாற்றுப் பாடக்குறிப்பை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் தரவேண்டும். 'டப்லெட்'டில் முட்டி நிற்கிறேன்: ஒரே சொல் இரண்டு வழியில் வந்து இரண்டு சொல்லாக நிற்பது. ஷர்ட், ஸ்கர்ட் இரண்டும் ஒரே வேர். 'ஸ்க்' ஒலி பழைய ஆங்கிலத்தில் 'ஷ்' ஆனது; வைக்கிங்குகள் கொண்டுவந்த நார்ஸ் மொழியில் அப்படியே நின்றது. உள்ளூர் வழியில் வந்தது மேலே, கப்பலில் வந்தது இடுப்பில். 'இரட்டைச்சொல்' என்று போடலாமா?

– தஞ்சை ஆசிரியை

---

கூடாது அம்மா. 'இரட்டைக் கிளவி இரட்டிற் பிரிந்திசையா' என்கிறது தொல்காப்பியம். மாணவன் எடுத்துக்காட்டாகச் 'சலசல' என்று எழுதிவைப்பான். இணைமொழியும் வேறு. 'உடன்பிறப்புச்சொல்' எனலாம், மேடை வாடை அடிக்கும். 'ஒருவேர்க்கிளவி' எனலாமே?

– புலவர்

---

ஐயா, 'கிளவி' என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள். 'ஒருவேர்' என்றால் லார்டும் லேடியும்கூட உள்ளே வந்துவிடுவார்கள். ரொட்டியைக் குறிக்கும் லோஃபின் பழைய வடிவம் 'ஹ்லாஃப்'. லார்ட் 'ஹ்லாஃப்வேர்ட்', ரொட்டிக் காவலன். லேடி 'ஹ்லாஃப்டியெ', மாவு பிசைபவள். 7ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கென்ட் அரசன் ஏதெல்பெர்ட்டின் சட்டத்தில் வீட்டுப் பணியாளுக்கு 'ஹ்லாஃபாட்டா', ரொட்டி தின்பவன் என்றே பெயர். நம் செஞ்சோற்றுக் கடன்தான்! ஆனால் இவை ஒரே ரொட்டியைப் பங்கிட்ட தனித்தனிக் கூட்டுச்சொற்கள். ஒரே சொல் இரண்டு வழியில் வந்தவை அல்ல.

அதனால் 'பங்காளிச்சொல்' என்கிறேன். ஒரே பாட்டன், தனித்தனி அடுப்பு. தமிழில் கண்ணன், கிருஷ்ணன்: ஒன்று பிராகிருதம் வழி, மற்றது நேரே.

– கோவை மொழிபெயர்ப்பாளர்

---

கண்ணன் பிராகிருதமா! கண் உடையவன் கண்ணன். அடுத்து ஆயிரமும் சகஸ்ரம் என்பீர்கள். அதிருக்கட்டும், உங்கள் 'பங்கு'வே வடமொழிப் 'பங்க'த்திலிருந்து வந்தது என்பாரும் உண்டே?

– புலவர்

---

பங்கு, பகு என்பதன் அடியாகத்தான். இப்போது மட்டும் நான் தூய தமிழன், ஐயா வடமொழிக்காரர்!

– கோவை மொழிபெயர்ப்பாளர்

---

நாளை விடிந்தால் வெள்ளி. பங்காளிக்கு நால்வர், எதிர்ப்பு ஒருவர். 'டப்லெட்' பழங்காலச் சட்டை ஒன்றுக்கும் பெயர் என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். அதைத் தொட்டால் ஞாயிறு ஆகிவிடும். 'பங்காளிச்சொல்' என்றே அனுப்புகிறேன்.

– தஞ்சை ஆசிரியை

---

அடைப்புக்குறிக்குள்ளாவது 'ஒருவேர்க்கிளவி' இருக்கட்டும். இன்னொன்று: லேடியில் மாவு பிசைந்த அந்தப் பெண்தான் டெய்ரியிலும் இருக்கிறாள். மாவைக் குறிக்கும் 'டோ'வும் அவள் குடும்பம். இவர்களை என்னவென்று அழைப்பீர்கள்? தாயாதியா, சம்பந்தியா?

– புலவர்